பெஞ்சோடு மேல்வகுப்புக்கு

மலாய் நாட்டை ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்பள்ளி திறந்தார்கள். வயசுப் பையன்கள் எல்லோரும் சேர்ந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு. வருகிறவர்களுக்கு முதலில் ரசாயனத்தில் ஒரு சோதனை. தேறினால் மேல்வகுப்பு, சோப்பும் எண்ணெயும் காய்ச்சப் பழகலாம். தேறாவிட்டால் கீழ்வகுப்பு. அது எங்கே நடக்கும் என்று விசாரித்தோம். சயாமில், ரயில் பாதை போடுகிற இடத்தில் என்றார்கள். எங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து அங்கே போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. என் அக்காளுக்குத் தூக்கம் போயிற்று.

எனக்குத் தெரிந்த ரசாயனமெல்லாம், யுத்தத்துக்கு முன் பீடோங்கில் படித்தபோது வாத்தியார் கரும்பலகையில் எழுதி, எனக்குப் புரிவதற்குள் அழித்ததுதான். பெயர் ஒட்டாத போத்தல்களைக் காட்டி, எதில் அமிலம் என்று கேட்பார்களாம். எனக்கு முன்பு போய்த் தேறிவந்த ஒருவன் துப்பு கொடுத்தான்.

"நெறம் மாறுற காயிதம்லாம் தீந்துபோச்சுலா. நாக்குல வச்சுப் பாருங்கறான்."

அவன் நாக்கு தடித்துப்போய், இதைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

எனக்கு என் நாக்கின்மீது பிரியம் அதிகம். பால்மரம் வெட்டுகிற வீட்டில் பிறந்தவனுக்கு எதற்குக் காகிதம்? ரப்பர்ப் பாலில் அமிலம் விட்டால் உறைந்துவிடும். தோட்டத்தில் தினமும் நடப்பதுதானே. அன்று காலை வெட்டிய பாலை மருந்துப் புட்டியில் பிடித்து, வாயில் துணி அடைத்து, மச்சானிடம் இரவல் வாங்கிய சிலுவாரின், அதுதான் கால்சட்டையின், பையில் போட்டுக்கொண்டேன். துணி கிடைக்காத காலம். எங்கள் வீட்டில் சாக்கில் தைக்காத சிலுவார் அது ஒன்றுதான்.

பள்ளியில் முதலில் அவர்கள் சக்கரவர்த்தி இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்கச் சொன்னார்கள். குனிந்ததில் புட்டியின் அடைப்பு கழன்றிருக்கிறது. தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். தொடை சில்லென்றது. பயத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, வெட்கத்தில் அசையாமல் இருந்தேன். அசைந்திருந்தால் பிழைத்திருப்பேன். சோதனை நடத்துகிற ஜப்பான் அதிகாரி வரத் தாமதமாக, எனக்கடியில் பால் நிதானமாகக் காய்ந்தது.

அவர் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பெஞ்சும் எழுந்தது. இருவரும் தொப்பென்று விழுந்தோம். எழுந்து வணங்காதவனுக்கு என்ன கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும். அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"சூசு கெத்தா, துவான்!" என்று மலாயில் கத்தினேன். அடிக்க வருகிறவரிடம் ரப்பர்ப் பால் என்று கத்தியவன் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கை நின்றது. பெஞ்சின் ஓரத்தில் காயாமல் சிந்திக் கிடந்த பாலையும் மேசைப் போத்தல்களையும் காட்டி, ஊற்றுவதுபோல் சைகை செய்தேன். அவர் ஒவ்வொரு போத்தலிலிருந்தும் தனித்தனி இடத்தில் ஒரு சொட்டு விட்டார். ஒரே ஓர் இடத்தில் பால் தயிராகத் திரண்டது. அந்தப் போத்தலைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னையும் பாலையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மேல்வகுப்புப் பக்கம் கைகாட்டி, எழுந்து போ என்றார்.

எழுந்தால்தானே போவதற்கு! கூட வந்தவர்கள் என்னைப் பெஞ்சோடு தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தார்கள். சாமி புறப்பாடுகூட அவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

கத்தரித்து எடுத்ததில் சிலுவாரின் பின்பக்கம் பெஞ்சிலேயே தங்கிவிட்டது. மிச்சத்தைக் கக்கத்தில் இடுக்கி, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

"என் சிலுவாரு எங்கடா?" என்று மச்சான் பல்லைக் கடித்தார்.

அக்காள் அவரைத் தள்ளிவிட்டு வந்து என் தோளைப் பிடித்தாள். "சயாமா தம்பி?"

"இல்லக்கா. மேல்வகுப்பு."

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மச்சான் என்னிடமிருந்த முன்பக்கத்தை வாங்கி, மூக்கைத் துடைத்துக்கொள்ள அவளிடம் கொடுத்தார்.