மழையில் கைமாறிய ஊர்

எனக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை ஹாங்காங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு தடவை பார்த்தேன். பிடித்துப்போய்விட்டது. அதை யாரிடம் சொல்ல? எங்கள் வீட்டில் பெண்பிள்ளையை யார் கேட்டார்கள்!

அந்த வருசம் பார்த்துத்தானா வெள்ளைக்காரன் ஹாங்காங்கைச் சீனாக்காரனிடம் ஒப்படைக்க வேண்டும்? கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த என் வாப்பா, செய்தி காதில் விழுந்ததுமே முட்டுக்கட்டை போட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை வேலைய விட்டுட்டு இங்கன வரட்டும். இல்லன்னா பொண்ணு கிடையாது."

சமாதானம் பேச வந்தவர் உம்மாவின் தம்பி, என் மாமா. "மச்சான், அம்பது வருசத்துக்கு ஒண்ணையும் மாத்த மாட்டோம்னு சீனாக்காரன் கையெழுத்துப் போட்டிருக்கான்."

"போட்டா என்னவே? தீப்பெட்டி ஆபீசை வித்தப்ப எங்க அண்ணன்கிட்டயும் இப்படித்தான் சொன்னானுவ."

அதுவும் நிஜம்தான். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பழைய ஆட்களில் ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன் என்று சொன்ன புது முதலாளி, ஒரே மாசத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். அதை விற்ற பெரியவாப்பா அந்த வெட்கத்தில் அதற்கப்புறம் பஜார் பக்கமே தலைகாட்டவில்லை. வாப்பாவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ரோசம் வந்துவிட்டது. "எங்க பையனை நம்பலைன்னா வேற எடம் பாக்குதோம்" என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டு ராஜாங்கம் பேசி முடித்த விஷயத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் முதலிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கழுவுகிற பாத்திரமெல்லாம் நசுங்கிப்போயிற்று.

ஒப்படைக்கிற அன்று மத்தியானம் கேபிளில் காட்டினார்கள். இங்கே புழுதிக் காற்று; அங்கே மழையென்றால் அப்படியொரு மழை. வெள்ளைக்காரர்கள் தொப்பலாக நனைந்துகொண்டு கொடியை இறக்கினார்கள். "ஐயோ பாவம்" என்று உம்மா உச்சுக்கொட்டினாள். சகுனமே சரியில்லையே என்று மாமா தலையில் கைவைத்தார்.

வாப்பா மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏட்டி, பாத்தியா! கைமாறுத நேரத்துல என்னமா ஊத்துது! பரக்கத்துல்ல இது!"

கரிசல்காட்டில் நிலமோ கடையோ கைமாறும்போது ஒரு தூறல் விழுந்தால் போதும்; அது பரக்கத்து, அல்லாவே தருகிற ஆசி. அதற்கு மேல் பேரமும் கிடையாது, சந்தேகமும் கிடையாது. மழையே பார்க்காத மண்ணில் பிறந்த மனுசன், வேறென்ன நினைப்பார்?

"இனி சீனாக்காரன் ஏமாத்த மாட்டான்வே" என்றார் மாமாவிடம். "மாப்பிள்ளை அங்கனயே இருக்கட்டும். இவளையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதேன். சந்தோசமா, துக்கமா, எந்த அழுகை என்று எனக்கே தெரியவில்லை.

உலகத்தில் எவராவது டிவியில் மழையைப் பார்த்துப் பெண் கொடுப்பார்களா? என் வாப்பா கொடுத்தார்.

ஹாங்காங்கிலிருந்து நான் போன் போடும்போதெல்லாம் சுகமா, சாப்பிட்டியா என்று கேட்கமாட்டார். "அங்கன மழை உண்டா?" அதுதான் முதல் கேள்வி.

வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் சொல்வேன்: "ஆமா வாப்பா, நல்ல மழை."

"அப்பச் சரி" என்று போனை உம்மாவிடம் கொடுத்துவிடுவார்.