ஜன்னல் திறந்த காலைகள்

ஜெயந்தினி பதினோரு வருடம் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவள். அங்கே காலையில் முதல் வேலை, ஜன்னல்களைத் திறந்து இரவுப் புழுக்கத்தை வெளியேற்றுவது. அந்தப் பழக்கத்தோடுதான் நுவரெலியாவில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளராகப் போனாள். ஆறு மாதம் தற்காலிகம். அவள் வேலை அவர்களுக்குப் பிடித்தால்தான் நிரந்தரம்.

அங்கே சிலந்தி இல்லாமலே சிலந்தி நூல் செய்தார்கள். சிலந்தியின் மரபணுவைப் பாக்டீரியாவில் ஏற்றி, அது தரும் புரதத்தை ஊசியால் மதுசாரத்துக்குள், அதாவது ஆல்கஹாலுக்குள், பீய்ச்சினால் மயிரிழைபோல நூல் வரும். ஹட்டன் புடவைக்கடைக்காரர் மகன் ரிஸ்விதான் ஆராய்ச்சியாளர். மாலையில் நூல்களை ஒரு சாண் அளவுக்கு வெட்டித் தட்டில் வைத்துவிட்டுப் போவார். காலையில் முக்கால் சாண்கூட இருக்காது.

"எலி திங்குதா அக்கா?"

"எலி இவ்வளவு அளவா திங்குமா சேர்?"

ஆறாம் மாதம் ரிஸ்வி மனம் தளர்ந்துபோனார். புரதமே சரியில்லை, அடுத்த வாரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றார்.

அன்று ஜெயந்தினி அளவுக் கொப்பியைப் புரட்டினாள். கோயில் திருவிழாவுக்கு அவள் லீவு போட்ட மூன்று நாளும் நூல் முழுச் சாண். காலையில் ஜன்னலைத் திறப்பது அவள்தான். சேருக்குக் குளிருமென்று அவர் வருமுன் மூடிவிடுவதும் அவள்தான். இடையில் பனிமூட்டம் உள்ளே வந்து போயிருக்கிறது.

"நெரந்தரமாக இன்னும் மூணு வாரந்தான். வாயத் தொறக்காத," என்றான் அன்றிரவு விஷயத்தைக் கேட்ட கணவன் வீரய்யா.

"அதுக்குள்ள அவரு அம்புட்டையும் கொட்டிருவாருங்க."

மறுநாள் நேரே போய்ச் சொன்னாள். "நூலக் கெடுத்தது நாந்தான் சேர். ஜன்னலத் தொறந்து ஈரத்த உள்ள விட்டுட்டேன்."

ரிஸ்வி ஒரு காய்ந்த நூலை எடுத்து, கொதிக்கும் கேத்தலின் ஆவிக்கு மேலே பிடித்தார். தொட்ட புழுவைப்போல அது சுருண்டு குறுகியது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நெசச் சிலந்தி நூலும் ஈரம் பட்டா இப்படித்தான் சுருங்கும் அக்கா. நம்ம நூலும் அதச் செய்யுதுன்னா புரதம் சரிதான். எனக்குப் பாக்கத் தோணவே இல்ல."

நிரந்தரக் கடிதம் சொன்ன நாளில் வந்தது. ஜன்னலுக்குப் பூட்டும் வந்தது. சாவி ஜெயந்தினியிடம். ரிஸ்விக்குக் காற்று வேண்டுமென்றாலும் அவளிடம்தான் கேட்க வேண்டும். காற்றின் ஈரம் அறிய அவள் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைப் போய்ப் பார்ப்பாள். சில நாள், "இப்ப முடியாதுங்க சேர்," என்பாள்.