கும்பிட்டபடி நின்றவர்

என் மகளின் திருமணத்துக்கு அசையும் இணைய அழைப்பிதழ் செய்தவர், திரையில் எது அசைந்தாலும் கூடவே தலையசைக்கும் ஒல்லியான திண்டிவனத்துக்காரர். அழைப்பிதழில் கைகட்டி நிற்கும் தாய்மாமன், பிறகு கைகூப்புவார்.

"அசையற படத்துல ரெண்டு வக இருக்கு. ஜிஃப்னா எல்லா போன்லயும் ஆடும் சார். ஆனா கலர் கம்மி, மாமா மூஞ்சில ரவை தூவுனாப்ல இருக்கும். ஏபிஎன்ஜின்னா மூஞ்சி பளிச்சுனு இருக்கும். பழைய போன்ல ஆடாது, மொத படம் மட்டும் நிக்கும்" என்றார் வடிவமைப்பாளர்.

கிளியனூரில் அந்தத் தாய்மாமனிடம், அதாவது என் மைத்துனரிடம், இருந்ததோ பழைய கைப்பேசி.

"தான் கைகட்டியே நிற்பதைப் பார்த்தால் கோபித்துக்கொண்டு திருமணத்துக்கே வரமாட்டாரே!" என்றேன்.

"பேஜாரே வாணாம் சார். கும்பிடறத மொதல்ல வெச்சுடறேன். ஆடலன்னா கும்பிட்டுக்கினே நிப்பாரு."

மைத்துனர் மகிழ்ந்து வந்தார்.

பின்னொரு நாள் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அவ்வடிவமைப்பாளரை வணங்கினேன். கைகூப்பியவர், என் பேருந்து புறப்படும்வரை அசையவே இல்லை. அது மரியாதையா, அவருக்குள்ளும் பழைய கைப்பேசியா என்று இன்றும் விளங்கவில்லை.