டைம் ஆபீசிலிருந்து வந்த மெயில்கள்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சேர்ந்த மூன்றாம் மாதம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் மேக்ரோவை நிறுத்தினேன். மேக்ரோ என்பது எக்செல் கோப்புக்குள் இருந்து தானாக ஓடும் சின்ன நிரல். மெயிலில் வரும் வைரஸ் அதற்குள் ஒளிந்து வரும்.

மறுநாள் ஷிப்ட் பட்டியல் வரவில்லை. அதைப் போடுவதும் ஒரு மேக்ரோதான். வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் இருந்த பெரியவர் தானே உட்கார்ந்து எழுதியது. எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. புதுவாயலிலிருந்து காலை ஷிப்டுக்கு வந்தவர்களைப் பட்டியலில் பெயரில்லை என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரியவர் அத்தனை பேரையும் என் மேசைக்கு அழைத்துவந்தார்.

"இந்தம்மாதான். இன்னா கேக்கணுமோ கேளுங்க."

கேட்டார்கள். ஒருவர் என் கீபோர்டைத் தட்டிவிட்டார்.

அவருடைய கோப்பை வரி வரியாகப் படித்தேன். சுத்தமாக இருந்தது. ஓட அனுமதித்தேன். நான் படித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பத்து வருசமா ஓடிக்கினு இருக்கிற ஃபைலு. என்னையே செக் பண்றியா நீ?"

அன்றிலிருந்து தனக்கு வரும் எல்லா மெயிலையும் எனக்கு அனுப்பினார். பிறந்தநாள் வாழ்த்து, கேன்டீன் மெனு, எதுவானாலும். மேலே ஒரே வரி: 'மேடம், இத தொறக்கலாமா?' மேனேஜருக்கும் ஒரு நகல். நானும் பிடிவாதமாக ஒவ்வொன்றையும் பார்த்து, மேனேஜருக்கு நகலோடு பதில் போட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை கேட்டு யாரோ அவருக்கு அனுப்பிய விண்ணப்பமும் அப்படி வந்தது. நெட்வொர்க்கில் சேர்க்காமல் தனியாக வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் பிரித்தேன். உள்ளே மேக்ரோ. திறந்தவுடன் வெளியிலிருந்து எதையோ இறக்கி ஓடவிடும்படி எழுதியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அன்று அவசரத்தில் மேக்ரோ ஓட நான் விலக்குக் கொடுத்தது அவருடைய ஷிப்ட் கோப்புக்கு மட்டும் அல்ல, அது இருந்த ஃபோல்டர் முழுவதற்கும். வருவதையெல்லாம் அவர் போட்டுவைப்பது அங்கேதான். அங்கிருந்து திறந்திருந்தால் கம்பெனியே முடங்கியிருக்கும்.

ஓடிப்போய், அதைத் திறக்காதீர்கள், வைரஸ் என்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"நீயே உள்ள போட்டுக்கினு நீயே புடிக்கிறியா? வேற வேல இல்ல?"

அந்த வாரக் கூட்டத்தில் மேனேஜர், வைரஸ் மெயிலைத் திறக்காமல் எனக்கு அனுப்பியதற்காக அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இவரைப் போல விழிப்பாக இருங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஃபோல்டர் விஷயத்தையும் சொல்லவில்லை; முன்பே சத்தமில்லாமல் சரிசெய்திருந்தேன்.

வெளியே வரும்போது கதவருகில் நின்றிருந்தார்.

"பாத்தியா?" என்றார்.

அவரைத் தாண்டிப் போனேன். இன்றுவரை எங்களுக்குள் பேச்சு மெயிலில் மட்டும்தான்.