குழாய் எட்டாத அடுப்பு

கரம்பொன் ஊரில் எங்கள் பக்கத்து வளவு முதலாளியை நினைத்தால் எனக்கு இப்பவும் சிரிப்புத்தான். காலமெல்லாம் சுருட்டு விற்று, தானும் புகைத்து, நெஞ்சு கெட்டுப்போன மனிதர். நெற்றி நிறையத் திருநீறு, மூக்கில் ஒக்சிசன் குழாய், உட்கார்ந்திருக்கிற கதிரைக்குப் பக்கத்தில் இரைகிற மெசின்.

ஒக்சிசன் இருக்கும் வீட்டுக்குள் நெருப்பு ஆகாது என்று டொக்டர் சொன்னாராம். அதைச் சாட்டி மனைவியின் குசினி அடுப்பையும் சாமி விளக்கையும் நிறுத்திவிட்டார். பாவம், அவள் முற்றத்து வேப்பமரத்தடியில் கல் வைத்துச் சமைத்தாள்.

ஒருநாள் நான் முருங்கைக்காய் கொடுக்கப் போனேன். மூக்கில் குழாய் கிடக்க, வாயில் சுருட்டோடு நெருப்புப்பெட்டியைத் திறந்துகொண்டிருக்கிறார் மனிதர்.

"முதலாளி, வீடெல்லோ எரியப் போகுது. மனிசிக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமோ?"

"விளக்கு எரியிற சாமான் அக்கா. சுருட்டு சும்மா புகையிற சாமான். உங்களுக்கு உது விளங்காது."

இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் கடை நடத்தியிருக்கிறார்.

மனைவி முற்றத்திலிருந்து வந்தாள். நெருப்புப்பெட்டியைப் பறித்தாள், சுருட்டுக் கட்டையும் அள்ளினாள், நேரே போய் வேப்பமரத்தடி அடுப்புக்குள் போட்டாள். அவர் பின்னால் ஓடினார். வாசற்படியில் குழாய் இழுத்துப் பிடித்தது.

"எடியே, கொண்டா இஞ்சை."

"வேணுமெண்டா குழாயைக் கழட்டிப்போட்டு வாங்கோவன்."

கழற்றப் பயம். படியிலேயே நின்று இளைத்தார். சுருட்டு எரிந்து சோறு நன்றாகக் கொதித்தது.

அந்தச் சோற்றையே மத்தியானம் இரண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் காணாது என்றாரே, அந்த மனிதரை என்னவென்று சொல்ல?