தகட்டில் விழுந்த கோடுகள்

போட்டோ பிடிக்கிறவன் பிழைப்பே இருட்டறையில்தான். அதில் மேல்படிப்பு ஆசையும் சேர்ந்துவிட்டால் ஆள் தொலைந்தான். படிக்க நினைத்தது ஒன்று, கடையில் உட்கார்ந்தது ஒன்று என்று காலம் தள்ளும் அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டுச் சங்கரன்கோவிலில் மாமாவின் ஸ்டூடியோவில் இருந்தேன். மதராஸில் ஒரு பேராசிரியர், வெளிச்சத்தை வைத்து நான் செய்யும் சோதனையின் போட்டோத் தகட்டை ஆடி முடிவதற்குள் அனுப்பினால் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படிப்பேன்.

பெட்டிக்குள் வெளிச்சம்

இருட்டறை மூலையில் ஒரு மரப்பெட்டி. ஒரு முனையில் மங்கலாக ஒரு பல்பு, அதன்முன் கரிபிடித்த கண்ணாடி, நடுவில் ஓர் அட்டையில் பிளேடால் போட்ட இரண்டு கீறல், மறுமுனையில் போட்டோத் தகடு. வெளிச்சம் துளித்துளியாகத்தான் போகும். ஒரு நேரத்தில் ஒரே துளி. ஆனாலும் இரண்டு மாதத்தில் தகட்டில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் விழும். இந்தக் கீறலா, அந்தக் கீறலா என்றில்லாமல், ஒரே துளி இரண்டு வழியிலும் சேர்ந்தே போனால்தான் அப்படி விழும். படங்களில் முகம் திருத்துகிற செல்லையா அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். மனுஷன் பென்சிலைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நம்ம சாமி ஒரே மேனியில சங்கரனாவும் நாராயணனாவும் நிக்காரு. உம்ம வெளிச்சம் நிக்கதுக்கு என்ன வே?"

எந்த வழி?

படம் வாங்க வந்த மேலநீலிதநல்லூர் சம்சாரி ஒருத்தர், துளி எந்தக் கீறல் வழியாகப் போகிறது என்று பார்த்துவிட வேண்டியதுதானே என்றார். பார்த்தால் கோடு விழாது, பார்க்காமல் காத்திருந்தால்தான் மதராஸுக்குப் படிக்கப் போக முடியும் என்றேன். பருத்தி போட்டுவிட்டு மழைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

"காத்துக் கெடக்கதுக்கா தம்பி பட்டணம் போகணும்? அத நாங்க இங்கனயே செய்யுதோம்."

நூல் கட்டாத சட்டம்

படம் பிடித்து முடித்த தகட்டின் மரச்சட்டத்தில் நூல் கட்டுவோம். நூல் இல்லையென்றால் புதுத் தகடு. என் சோதனை முடியவில்லையே என்று நான் கட்டாமல் விட்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தகடு தீர்ந்துபோக, அண்ணாச்சி என் பெட்டியில் இருந்ததை உருவி, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டார். கழுவிப் பார்த்தால் அவள் முகத்தின்மேல் என் கோடுகள், அத்தனை தெளிவாக! அழுகையே வந்துவிட்டது. முகம் விழுந்த தகட்டை எந்தப் பேராசிரியருக்கு அனுப்புவது? புதிதாகத் தொடங்க ஆடியில் நாளும் இல்லை.

அவள் புருஷன் நாலு வருஷமாகக் கொழும்பில். படத்தை அவனிடம் கொண்டுபோகிறவர் சாயங்கால ரயிலுக்கு நிற்கிறார். நாளைக்கு வேறு பிடித்துத் தருகிறேன் என்றேன். அவள் ஈரம் காயாத படத்தையே கையில் வாங்கிக்கொண்டாள்.

"கோடு விழுந்தா என்ன அண்ணே, அவுகளுக்கு என் மொகம் தெரியாமலா போயிரும்? அனுப்பாம இருந்தாத்தான் மறந்துபோயிரும்."

நான் அந்தத் தகட்டைப் பேராசிரியருக்குக் கடைசிவரை அனுப்பவில்லை. அன்றுமுதல் அந்த ஒரு துளி வெளிச்சத்தைப் போல, மனசால் மதராஸுக்குப் போனவனும் சங்கரன்கோவிலிலேயே இருந்துவிட்டவனும் நான் ஒருத்தனேதான், வெயிலில் கேமராவைச் சுமந்து அலைகிறவன் மட்டும் இங்கே இருக்கிறவன்.