ஐந்து சஹன் சோறு

யுத்தம் முடிந்த பிறகு, எங்கள் ஊர் இளைஞர் கழகப் பெண்பிள்ளைகளைக் உப்புநீர்க் களப்புக் கரையில் கண்டல் மரக்கன்று நடக் கூட்டிப்போக ஒரு மிஸ் வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய கறுப்புக் குடை. யோசிக்கும்போது குடை நுனியால் நிலத்தைத் தட்டுவார்.

சஹன் என்னும் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் இருந்து உண்பார்கள். அன்றைக்குச் சமையல் என் பொறுப்பு; ஐந்து சஹனுக்குச் சோறு ஆக்கியிருந்தேன். வந்ததோ ஐந்தே பிள்ளைகள்.

"இன்னொரு நாளைக்கி வைப்பம் மிஸ்," என்றாள் ஒருத்தி.

"இண்டைக்கி விட்டா இனி நீங்களும் வரமாட்டீங்க," என்றவர் என் பக்கம் திரும்பினார். "லாத்தா, ஏன் மத்தவங்க வரல்ல?"

எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது. குனிந்தபடியே சொன்னேன்: "புள்ளையளுக்குப் போன்ல சொன்னீங்க. உம்மாமாருக்கு ஆரு சொன்ன?"

குடை இரண்டு தரம் தட்டியது. "ஓடுங்க புள்ளையள்! வீடு வீடாப் போய் உம்மாமாரையும் சாப்பிடக் கூப்பிடுங்க. சஹன் களப்புக் கரையில எண்டு சொல்லுங்க!"

சஹனுக்கு அழைத்தால் எங்கள் பெண்கள் மறுப்பார்களா? ஒரு மணித்தியாலத்தில் மகள்மாரோடு வந்து கரையை நிறைத்துவிட்டார்கள். கன்று நட உம்மாமாரும் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். பிறகு சஹனுக்கு எட்டுப் பேராக நெருங்கியிருந்து தின்றோம்.

ஐந்து வாயாடிப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க, வாயே திறக்காத என்னிடம் அவர் ஏன் கேட்டார் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.